மருத்துவக் கலம்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே ஓங்கி நிற்பது கல்வராயன் மலைத்தொடர். அம்மலைமீது வெள்ளிமலை என்னும் ஊர் அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்த சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் சிற்றூர்கள் பல உண்டு. சாலை எட்டாத சிற்றூரில் ஒருவர் நோயுற்றால், நீண்ட கழியொன்றில் துணியைத் தூளியாகக் கட்டி, அதில் அவரைக் கிடத்தி, முன்னும் பின்னுமாகத் தோள்கொடுத்துக் காட்டுவழியே சுமந்து வருவது மலைமக்கள் நெடுங்காலமாகக் கண்ட வழக்கம். வெள்ளிமலையில் மருத்துவர் இருக்கலாம், மருந்தும் இருக்கலாம். நோயாளி அங்கு வந்து சேர்ந்தாலன்றி அவற்றால் அவருக்குப் பயன் யாது? மழைக்காலத்தில் ஓடை பெருகினால் வழி அடைபடும். வழி அடைபட்டால் எளிதில் தீரும் நோயும் உயிரைக் கொள்ளும். ஆதலின், உயிரைக் காப்பதில் மருந்துக்கு எத்துணைப் பங்கு உண்டோ, அத்துணைப் பங்கு வழிக்கும் உண்டு என்பதை மலைமக்கள் நன்கு அறிவர்.

மலையில் விளங்கும் இவ்வுண்மை போர்க்களத்தில் இன்னும் தெளிவாக விளங்கும். களத்தில் விழுந்த வீரன் ஓரிடத்திற் கிடக்கின்றான். அவனைக் காக்கும் மருத்துவமனை வேறோரிடத்தில் இருக்கின்றது. இடையே கடல் கிடந்தால் என் செய்வது? அக்கடலையே வழியாக்கிக் கொடுத்தவை மருத்துவக் கப்பல்கள். அவற்றுட் பல, போருக்கு முன் பயணிகளை ஏற்றிக்கொண்டு நாடு நாடாகச் சென்று வந்த கப்பல்களே.

பயணிகள் கப்பலை மருத்துவக் கப்பலாக மாற்றுவது ஏன்? சரக்குக் கப்பலின் அடிவயிறு இருளும் வெப்பமும் நிறைந்தது. போர்க்கப்பலில் இடம் குறுகியது. பயணிகள் கப்பலிலோ காற்றும் ஒளியும் புகும் சாளரங்கள் உண்டு. நூற்றுக்கணக்கானோர்க்கு ஒருங்கே உணவு சமைக்கும் அடுக்களை உண்டு. நன்னீர்த் தொட்டிகளும் பனிக்கட்டி அறையும் உண்டு. விரைந்து செல்லும் ஆற்றலும் உண்டு. எனவே, போர் தொடங்கியதும் அரசுகள் இத்தகைய கப்பல்களை நாடின. தச்சரும் கொல்லரும் ஏறி வேலை தொடங்கினர். விருந்துண்ட கூடங்களில் இரும்புக் கட்டில்கள் வரிசையாக இடம்பெற்றன. ஓர் அறை அறுவை மருத்துவத்துக்கென ஒதுக்கப்பட்டது. மருந்தறை, துணி வெளுக்கும் அறை, கருவிகளைக் கொதிநீராவியில் தூய்மை செய்யும் இடம் ஆகியவை அமைந்தன. நடக்கவியலாதாரைக் கிடத்தியவாறே மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு இறக்கத் தக்க வசதிகளும் செய்யப்பட்டன. முதல் உலகப்போரின்போது, டைட்டானிக் கப்பலின் உடன்பிறப்பாகிய பிரிட்டானிக், பயணிகளை ஏற்றி ஒருமுறையேனும் வணிகப் பயணம் செய்யாமலே மூவாயிரத்துக்கு மேற்பட்ட படுக்கைகளைக் கொண்ட மருத்துவமனையாகக் கடலிற் புறப்பட்டது.

இத்தகைய கப்பல் பகைவர் நடமாடும் கடலில் படைக்கலம் ஏதுமின்றிச் செல்ல வேண்டும். அதற்குக் காவல் யாது? அறமும் உடன்படிக்கையுமே காவல். 1859-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுச் சால்பெரினோப் போர்க்களத்தில் காயமுற்றோர் கேட்பாரின்றிக் கிடந்த கொடுமையைக் கண்டு உருகினார் ஆன்றி துய்னான் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவர். அவரது முயற்சியின் பயனாக 1864-இல் ஜெனீவா உடன்படிக்கை தோன்றிற்று. நிலப்போருக்குரிய அவ்வறம் 1899-இலும் 1907-இலும் ஹேக் நகரில் கூடிய மாநாடுகளில் கடற்போருக்கும் விரிக்கப்பட்டது. அதன்படி அரசின் மருத்துவக் கப்பல் வெண்ணிறம் பூசப்பெற்று, பக்கங்களில் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள பச்சைப் பட்டையைத் தாங்க வேண்டும். தனியாரும் அறநிறுவனங்களும் அளித்த கப்பலாயின் சிவப்புப் பட்டை தாங்க வேண்டும். நாட்டுக் கொடியோடு செஞ்சிலுவைக் கொடியையும் ஏற்ற வேண்டும். படைவீரரையோ படைக்கலத்தையோ இடம் மாற்றும் பணிக்கு அதனைப் பயன்படுத்தலாகாது. பகைவர் விரும்பின் ஏறிச் சோதித்துப் பார்க்கலாம். காயமுற்றவன் எந்நாட்டவனாயினும், பகைநாட்டவனே யாயினும், வேற்றுமை பாராது மருத்துவம் செய்தல் வேண்டும். இக்கட்டளைகளை ஏற்று நடக்கும் கப்பலைத் தாக்குதலும் கைப்பற்றுதலும் கூடா.

1914-ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. அப்பொழுது நம் நாடு அந்நியர் ஆட்சியில் இருந்தது. போர் தொடுப்பதா வேண்டாவா என்று நம் மக்களை எவரும் கேட்கவில்லை. ஆயினும், இந்திய வீரர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து களம் புகுந்தனர். போரின் வெம்மை சென்னையையும் தொட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன, உயிர்களும் மாண்டன.

அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் போர் நிதி ஒன்று திரட்டப்பட்டது. அந்நிதியைக் கொண்டு ஒரு மருத்துவக் கப்பலை அமைத்து அனுப்ப முடிவாயிற்று. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்த ‘டாண்டா’ என்னும் கப்பல் அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. கிளாஸ்கோ நகரில் கட்டப்பெற்று, 1914-ஆம் ஆண்டில்தான் கடலுக்கு வந்த புதுக்கப்பல் அது; ஏறத்தாழ ஏழாயிரம் டன் அளவினது. அக்கப்பல் மருத்துவமனையாக மாறியபோது, பொருள் உதவிய மாகாணத்தின் நினைவாக ‘மதராஸ்’ என்னும் பெயரைத் தாங்கிற்று.

இங்கு நினைக்கத் தக்க செய்தி ஒன்று உண்டு. 1906-ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டபோது, அவரை எதிர்த்து நின்றது இதே பிரிட்டிஷ் இந்தியா நிறுவனமே. அந்நிறுவனத்தின் கப்பல் ஒன்று எட்டாண்டு கழித்துத் தமிழகத் தலைநகரின் பெயரைத் தாங்கிக் காயமுற்றோரைச் சுமக்க நேர்ந்தது. ஆட்சி அந்நியருடையது, கப்பல் அந்நியருடையது, ஆனால் நோயுற்றுக் கிடந்த வீரருட் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிற்றூர்களிலிருந்து சென்ற உழவர் மக்கள்.

குவாலியர் மன்னர் மாதவராவ் சிந்தியாவும் ஒரு கப்பல் வாங்கினார். ‘எம்பிரஸ் ஆஃப் இந்தியா’ என்னும் அக்கப்பல் 1891 முதல் பசிபிக் பெருங்கடலில் கனடாவுக்கும் கீழ்த்திசை நாடுகளுக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் சென்று புகழ் பெற்றது. 1914-ஆம் ஆண்டின் இறுதியில் அது மன்னர் கைக்கு வந்தது. ‘லாயல்டி’ எனப் பெயர் மாறி, இந்திய வீரர்க்குரிய மருத்துவக் கப்பலாயிற்று.

இந்திய வீரர் மிகுதியாகச் சென்ற களம் மெசபொடேமியா. அது இன்றைய ஈராக் நாடு. மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியற் படைப்பிரிவைச் சேர்ந்த தமிழரும் அந்நாட்டில் பணியாற்றினர். அங்கே சாலைகள் இல்லை. இருப்புப்பாதையும் களத்தை எட்டவில்லை. கோடையில் வெயில் தீயென எரிக்கும். மழை பெய்தால் நிலமெல்லாம் சேறாகும். பாரசீக வளைகுடாவை அடுத்த பசுரா நகர் வரை பெருங்கப்பல்கள் வரும். பசுராவுக்கு அப்பால் டைகிரிஸ் ஆறு ஒன்றே வழி. அந்த ஆற்றில் செல்லத்தக்க படகுகளோ மிகச் சில. படைத்தலைவர்கள் பாக்தாதைப் பிடிக்கும் ஆசையால் படையை மேன்மேலும் முன்னே செலுத்தினர். காயமுற்றோர் திரும்பி வருவதற்குரிய வழியைச் செவ்வையாக அமைக்க அவர்கள் எண்ணவில்லை.

1915-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் பாக்தாதுக்குத் தென்கிழக்கே டெசிபன் என்னுமிடத்தில் கடும்போர் மூண்டது. காயமுற்றோர் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டனர். படையினர் செய்திருந்த ஏற்பாடு இதிற் சிறு பகுதிக்கும் போதவில்லை. வில் இல்லாத இரும்பு வண்டிகளிற் காயமுற்றோர் ஏற்றப்பட்டனர். கரடுமுரடான நிலத்தில் அவ்வண்டிகள் உருளுந்தோறும் எலும்பு முறிந்தவர்கள் துடித்துக் கதறினர். ஆற்றங்கரையை அடைந்தபின், குதிரைகளும் கோவேறு கழுதைகளும் ஏற்றி வந்த தட்டைப் படகுகளில், மேற்கூரையும் மெத்தையுமின்றி நெருக்கமாகக் கிடத்தப்பட்டனர். அங்கிருந்து பசுராவுக்கு ஆற்றுவழி பல நூறு மைல். அவ்வழியைக் கடக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆயிற்று. குளிரும் மழையும் அவர்கள்மேற் பட்டன. அவர்களுட் பலர் சீதபேதியால் வருந்தினர். எழுந்து நிற்கவும் வலியின்றிக் கிடந்தவர்க்கு உதவ ஆளில்லை.

பசுராத் துறையில் ‘வரேலா’ என்னும் மருத்துவக் கப்பல் காத்து நின்றது. அதுவும் பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் பயணிகள் கப்பலே. இந்திய மருத்துவப் பணித்துறையைச் சேர்ந்த மேஜர் மார்க்கம் கார்ட்டர் அதன் தலைமை மருத்துவர். கப்பலில் தூய படுக்கைகள் விரித்திருந்தன, மருந்துகள் ஆயத்தமாக இருந்தன, பணியாளரும் காத்திருந்தனர். ஒருநாள் மாலை, ‘மெஜிதியே’ என்னும் ஆற்றுக்கப்பல் இருபுறமும் தட்டைப் படகுகளைப் பிணைத்துக்கொண்டு மெல்ல வந்தது. தொலைவிலிருந்து நோக்கிய கார்ட்டரின் கண்களுக்கு அதன் பக்கங்களில் கயிறுகள் தொங்குவனபோலத் தோன்றின. அருகில் வந்தபோது அவை கயிறுகள் அல்ல என்பது புலனாயிற்று. நகர இயலாத நோயாளரின் கழிவுகள் தளத்தினின்று வழிந்து காய்ந்த சுவடுகளே அவை. தளத்தின்மீது மனிதர் குவியல் குவியலாகக் கிடந்தனர். சிலருடைய முறிந்த கால்களுக்கு மதுப்புட்டிப் பெட்டிகளை உடைத்த மரத்துண்டுகளே வரிச்சுகளாகக் கட்டப்பட்டிருந்தன. களத்தில் கட்டிய கட்டு அவிழ்க்கப்படாமையால் பலருடைய புண்கள் புழுத்திருந்தன.

மெஜிதியேயிலிருந்து அவர்களை ஏற்று, கழுவி, கட்டவிழ்த்து மருந்திட்டு, உணவளித்துக் காக்கும் பணியில் வரேலாவின் பணியாளர் ஈடுபட்டனர். டெசிபன் களத்தில் விழுந்த ஒருவன் இந்தப் படுக்கைக்கு நான்கு நாளில் வந்திருப்பின் பிழைத்திருப்பான். பதினான்கு நாள் ஆனமையால் கால் இழந்தான், அல்லது உயிரே இழந்தான். மருந்து இருந்தது, மருத்துவர் இருந்தார், வழிதான் இல்லை.

மருத்துவர் செய்ய வேண்டிய கடமையைக் கார்ட்டர் செய்து முடித்தார். அத்துடன் அவர் அமைந்திருக்கலாம். ஆனால் அவர் அமையவில்லை. கண்டது கண்டவாறே எழுதி மேலதிகாரிகளுக்கு அறிக்கை விடுத்தார். மேலதிகாரிகளோ, மருத்துவ ஏற்பாடுகள் செம்மையாக நடந்தன என்று முன்னரே அரசுக்குத் தந்தி கொடுத்திருந்தனர். எனவே, கார்ட்டரின் சொல் அவர்களுக்குக் கசந்தது. அவரை அழைத்துக் கடிந்தனர். தேவையற்ற காரியத்தில் தலையிடுபவர் என்று இழித்துரைத்தனர். சிறைப்படுத்துவோம் என்றும் அச்சுறுத்தினர். படையில் மேலதிகாரியின் சினத்துக்கு ஆளாதல் எளிய செய்தியன்று. பதவி போகலாம், பெயர் கெடலாம். எனினும் கார்ட்டர் தாம் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை.

உண்மை நெடுநாள் மறைந்திருக்கவில்லை. செய்தி இங்கிலாந்துக்கு எட்டியது. 1916-ஆம் ஆண்டில் மெசபொடேமிய விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கார்ட்டரின் சாட்சியம் அக்குழுவின் அறிக்கையில் இடம்பெற்றது. 1917 ஜூன் மாதத்தில் அறிக்கை வெளியானபோது நாடே நாணியது. இந்திய நாட்டுக்குப் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின் அடுத்த மாதமே பதவி துறந்தார். அதற்கு முன்னரே, 1916-இல் அப்போரின் பொறுப்பு இலண்டன் போர்த்துறையின் கைக்கு மாறியிருந்தது. நோயாளர்க்கென்றே அமைந்த ஆற்றுக்கப்பல்களும், மோட்டார் ஊர்திகளும், புதிய மருத்துவமனைகளும் அக்களத்துக்கு வந்தன. களத்திலிருந்து கட்டில் வரை வழி திறந்தது. அவ்வழியில் பிழைத்துத் திரும்பிய வீரருள், கார்ட்டர் என்னும் பெயரைக் கேட்டறியாதவரே பலராக இருந்திருப்பர்.

கவலையின்மையால் வழி கெடுவது ஒருவகை. கொடுமையால் வழி கெடுவது மற்றொரு வகை. 1918 ஜூன் 27-ஆம் நாள் இரவு, ‘லாண்டவரி காசில்’ என்னும் மருத்துவக் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அயர்லாந்துக்கு அப்பால் தாக்கி மூழ்கடித்தது. அதுவும் பயணிகள் கப்பலாகப் பிறந்து கனடா நாட்டு நோயாளரைச் சுமந்த கலமே. நீர்மூழ்கியின் தலைவன் தன் குற்றம் வெளிப்படாமலிருக்க உயிர்ப்படகுகளின்மீதும் சுடச் செய்தான். கப்பலில் இருந்த 258 பேரில் 24 பேரே உயிர் தப்பினர். செவிலியர் பதினால்வரும் மாண்டனர். போர் முடிந்தபின், 1921-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், அந்நாட்டு நீதிமன்றமே இவ்வழக்கை விசாரித்தது. தலைவன் தப்பிவிட்டான். அவனுக்குத் துணைநின்ற அதிகாரிகள் இருவர், கட்டளைக்குக் கீழ்ப்படிந்தோம் என்று கூறித் தப்ப முயன்றனர். வெளிப்படையான குற்றமாகிய கட்டளைக்குக் கீழ்ப்படிவதும் குற்றமே என்று நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. அவர்கள் பெற்ற தண்டனை பின்னர் நீக்கப்பட்டதாயினும், அத்தீர்ப்பின் கருத்து உலக நீதிநெறியில் நிலைபெற்றுவிட்டது. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை மருத்துவக் கப்பல்களுக்குரிய காவலை மீண்டும் வலியுறுத்திற்று. வெண்ணிற உடலில் அடர்ந்த செஞ்சிலுவைகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அவ்விதி.

போர் முடிந்தபின் இக்கப்பல்கள் என்னாயின? ‘மதராஸ்’ மீண்டும் ‘டாண்டா’ ஆகிப் பயணிகளை ஏற்றிச் சென்றது. இரண்டாம் உலகப்போரின்போது, 1944 ஜூலை 15-ஆம் நாள், மங்களூருக்கு அப்பால் அரபிக்கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்றால் தாக்கப்பட்டு மூழ்கிற்று. அப்போது அதன்மேல் செஞ்சிலுவை இல்லை. ‘லாயல்டி’க்கு வேறொரு பேறு வாய்த்தது. 1919-ஆம் ஆண்டில் இந்தியர் நிறுவிய சிந்தியா கப்பல் நிறுவனம் அதனை வாங்கிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் அக்கப்பல் பம்பாயிலிருந்து இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டது. சிதம்பரனார் கண்ட கனவு இவ்வாறு மீண்டும் உயிர் பெற்றது. அந்நாளின் நினைவாகவே 1964 முதல் ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அவ்விழாவில் நினைவுகூரப்படும் கப்பல், அதற்குச் சின்னாள் முன்வரை காயமுற்ற இந்தியரைச் சுமந்த மருத்துவமனை என்பதை நாம் மறத்தலாகாது.

மருத்துவக் கப்பலின் தேவை அப்போர்களோடு முடிந்துவிடவில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையையும் அண்டை நாடுகளையும் அழித்தபோது, இந்தியக் கடற்படையின் அளவைக் கப்பல்கள் மருத்துவக் கப்பல்களாக மாற்றப்பட்டன. ஜமுனா இலங்கைக்கும், நிரூபக் இந்தோனேசியாவுக்கும் சென்று தொண்டாற்றின. 2009-ஆம் ஆண்டு இலங்கைப் போரின் இறுதி மாதங்களில், வன்னிக் கடற்கரையில் சிக்கிக் கிடந்த தமிழருட் காயமுற்றோர்க்குத் தரைவழி அடைபட்டுப் போயிற்று. அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு ‘கிரீன் ஓஷன்’ முதலிய கப்பல்களை அமர்த்தி, காயமுற்றோரும் நோயாளரும் அவர்தம் உறவினருமாக ஏறக்குறைய பதினாலாயிரவரைக் கடல்வழியே அப்புறப்படுத்திற்று. கரைக்கு அருகே பெருங்கப்பல் வர இயலாமையால், சிறு படகுகளில் அவர்களைக் கொண்டுசென்று ஏற்றினர். கடலன்றி வேறு வழியில்லாத அந்நாளில், கப்பல் ஒன்றே அவர்களுக்குத் தூளியாயிற்று.

கல்வராயன் மலையில் தூளி சுமக்கும் இருவரும், பசுராத் துறையில் காத்து நின்ற வெள்ளைக் கப்பலும் செய்யும் தொண்டு ஒன்றே. துன்புற்றவனைத் துன்பம் தீர்ப்பவனிடம் சேர்ப்பதே அத்தொண்டு. மருந்து செய்வோரையும் மருத்துவமனை கட்டுவோரையும் உலகம் போற்றுகின்றது, அது தக்கதே. அவ்விரண்டுக்கும் நோயாளிக்கும் இடையே வழி அமைப்பவரும், அவ்வழியிற் சுமப்பவரும், வழி இல்லையெனின் அஞ்சாது எடுத்துரைப்பவரும் அவர்களோடு ஒப்பப் போற்றத் தக்கவரே ஆவர்.